நாலு மூளைக்காரரும் நான் வைத்த சந்தனமும்

ஓடைப்பட்டியில் நாங்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு மூளையை வைத்துக்கொண்டே காலம் தள்ளத் திண்டாடிக்கொண்டிருந்தபோது, நாலு மூளையை மேசையில் வைத்துக்கொண்டு தினமும் சண்டை போட்ட மனிதர் இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான். அவர் என் வீட்டு மாடியில் குடியிருந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை. கூரியர்காரன்கூட, "நாலு மூளைக்காரர் வீடு எது?" என்றுதான் கேட்டு வந்தான். என் மாமனார் கட்டிய வீட்டை!

கம்பத்துக்காரர். வயது ஐம்பது இருக்கும். "பெங்களூரு டிராபிக்குல பாதி ஆயுசு போச்சு ஆத்தா, மிச்சத்தையாவது இந்தச் சாரல்ல கழிக்கிறேன்" என்று சொல்லி, கம்பெனி வேலையை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. இரண்டையும் தேடுவார்.

திராட்சைத் தோட்டத்து மோட்டாரையும் வால்வுகளையும் ஆளில்லாமலே பார்த்துக்கொள்கிற பெட்டி ஒன்றை அவர் கம்பெனி செய்தது. அதற்குள் நகத்தளவு சிப்பு. சிப்புக்குள் நாலு மூளை. கோர் என்பார். எனக்காக அவற்றுக்கு மூத்தவன், நடுவுலான், இளையவன், கடைக்குட்டி என்று பெயரும் வைத்தார். அந்த நால்வரில் எவனோ ஒருவன் மற்றவன் வேலையைக் கெடுத்தான். திறந்த வால்வு மூட மறுத்தது. எவன் என்று கண்டுபிடிக்க நாலு பேரையும் ஒரே நொடியில் நிறுத்திப் பார்க்க வேண்டுமாம். அப்படி நிறுத்துவதற்கு டீபக்கர் என்று ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறுபக்கம் பட்டை ஒயரில் சிப்பு.

"இதுக்கு மொதல்ல சொல்லிக்குடுக்கணும் ஆத்தா. உள்ள எத்தன பேரு, யாரு மொதல்ல முழிப்பான், யாரு யாரை எழுப்புவான், எல்லாம் எழுதி வைக்கணும். அதுதான் கான்ஃபிக்."

"எழுதி வச்சா நிப்பானுகளா?"

"மூத்தவன் நிக்கிறான். மத்த மூணு பேரும் உள்ள இருக்கிறதே டீபக்கருக்குத் தெரியல."

"மூத்தவன் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்டா அது நம்ம ஊருக் குடும்பந்தேன், தம்பி."

"நில்லுங்கடா! எல்லாரும் ஒண்ணா நில்லுங்கடா!" என்று மாடியில் அவர் கத்தினால், கீழே என் பந்தலில் பழம் வெட்டுகிற பெண்கள் கத்தரியோடு அப்படியே நின்றுவிடுவார்கள். வெட்டுக்கு ஆள் கூட்டி வரும் பேச்சியம்மா ஒரு நாள் என்னிடம் வந்தாள். "மதினி, மாடியில எத்தன பேரு குடியிருக்காக?"

"ஒருத்தர்தான்டி."

"பெறகு யாரைப் போட்டு இந்த வைய்யி வையிறாக? இட்லி என்னமோ ஒரு தட்டுத்தான் மேல போகுது!"

இப்படியே பத்து நாள் போனது. ஆயுத பூசைக்கு முதல் நாள் மேனேஜர் போன் செய்தார். நாளை சாயங்காலம் நாலு மணிக்குள் நாலு மூளையும் சேர்ந்து நிற்பதைக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் வீட்டிலிருந்து செய்கிற வேலை எல்லாம் போதும், பெங்களூருக்கே வந்து சேர வேண்டும். பூசையன்றைக்கு வேலை வைக்கிற கம்பெனியை என்னவென்று சொல்ல?

மறுநாள் காலையில் நான் சந்தனக் கிண்ணத்தோடு புறப்பட்டேன். மோட்டார், அரிவாள், கத்தரிகள், மிக்சி என்று என் வீட்டில் பொட்டு வாங்காத ஆயுதம் கிடையாது. மாடியை மட்டும் விடலாமா? அவர் குளிக்கப் போயிருந்தார். ஒயரைக் கழற்றி வைத்திருந்தார்; டீபக்கரில் அதைச் சொருகுகிற பக்கத்தில் வரிசையாகப் பல் தெரிந்தது. முகம் அதுதான் என்று நினைத்து, குழைத்த சந்தனத்தை அங்கே வைத்தேன். பல்லிடுக்கில் இறங்கிவிட்டது. முந்தானையால் வழித்துவிட்டு, முதுகில் அழகாக வேறொரு பொட்டு வைத்து, குங்குமமும் இட்டு, கீழே வந்துவிட்டேன்.

பத்து மணிக்கு மாடியில் அலறல். "ஏலே மூத்தவனே, நீயுமா!"

நேற்று வரை டீபக்கருக்குப் பதில் சொன்ன மூத்தவனும் இன்று பேசவில்லை. நான் விடுவேனா? "பூசைக்கு வச்ச சாமான எடுத்து வேலை பாத்தா அப்படித்தான். சரஸ்வதி கோவிச்சுக்கிட்டா."

"கோளாறு என் கான்ஃபிக்குல ஆத்தா. ஆத்திரத்துல எதையோ மாத்திட்டேன் போல." எழுதியதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். எட்டு இட்லிக்குக் குறைந்து எழுந்திராத மனிதர்!

இரண்டரை மணிக்குப் பொரி கடலை கொண்டுபோனேன். எழுதி முடித்திருந்தார். அப்போதும் ஒருவனும் பேசவில்லை. பையில் பனியனை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கன சன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவருதான் ஆத்தா" என்றார், மலையைப் பார்த்துக்கொண்டே.

அப்போதுதான் அந்தப் பல்லிடுக்கு என் நினைவில் குத்தியது. எழுபது வயது வரை "தப்பு என்னுது" என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் அதைக் கேட்காமலேயே போய்ச் சேர்ந்தார். நாலு படி இறங்கினேன். நாலு படியும் திரும்ப ஏறினேன்.

"தம்பி, அந்தப் பெட்டிப் பல்லுல சந்தனம் இருக்கும். வச்சது நாந்தேன்."

இரண்டு கண்ணாடியையும் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "ஆத்தா! அவன் வாயில சந்தனத்தை அப்பிட்டீக. பேசலைன்னு நான் அவனைக் காலையிலருந்து வஞ்சிருக்கேன்!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பல் விளக்குகிற பிரஷால் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துக் காயவைத்து மாட்டினார். மணி மூன்றரை.

"மூத்தவன் வந்துட்டான்." கம்ப்யூட்டரை நோக்கிக் குனிந்தார். "நடுவுலான்... இளையவன்... ஆத்தா, கடைக்குட்டி!"

பழைய கான்ஃபிக்கில், தூங்குகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். பயத்தில் புதிதாக எழுதும்போதுதான், மூத்தவன் தம்பிகளை எழுப்பும் வரை காத்திரு என்று ஒழுங்காக எழுதியிருக்கிறார். என் சந்தனம் அடைத்திராவிட்டால் பழையதையே கட்டிக்கொண்டு அழுதிருப்பாராம். நான் நிமிர்ந்து நின்றேன்.

"நில்லுங்கடா!" என்றார். மேனேஜர் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருக்க, நாலும் நின்றன. கத்தரிகள் பூசையில் இருந்ததால் கீழே பந்தலில் நிற்க ஆளில்லை. வாசற்படியில் நான் மட்டும் நின்றேன். எதை மாற்றினீர்கள் என்று மேனேஜர் கேட்டதற்கு, "சந்தனம்" என்றார். பெங்களூரில் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இருந்தார். அந்த வேலையை அவரைப் போலச் செய்ய ஆளில்லை என்று, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கம்பெனி கூப்பிட்டுக்கொண்டது. போகும்போது என் மோட்டார் அறையில் அந்த நாலு மூளைப் பெட்டியில் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்.

ஆயுத பூசைக்கு அதன் மூடியில் நாலு பொட்டு வைக்கிறேன். பல் பக்கம் போவதில்லை. பிறகு கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் பெரிதாக, ஐந்தாவதாக ஒன்று.

"நாலு மூளைதான மதினி, இது ஆருக்கு?" என்று பேச்சியம்மா வருடா வருடம் கேட்கிறாள்.

"மிச்சச் சந்தனத்தை எங்கனடி கொட்டுறது?" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.