பவழத்துக்குப் புள்ளி வந்த கதை

ஒரு காட்டில், கரண்ட் வராவிட்டாலும் விளம்பரம் மட்டும் தவறாமல் வந்துவிடுகிற காட்டில், பவழம் என்று ஒரு மான் இருந்தாள். அப்போதெல்லாம் மான்களுக்குப் புள்ளி கிடையாது. உடம்பு முழுக்க ஒரே பழுப்புதான். பனிக்காற்றில் பவழத்தின் தோல் வறண்டு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் காட்டுச் சுற்றுலா போஸ்டருக்குப் போட்டோகிராபர் கரடி ஒரு மானைப் படம் எடுக்கப் போகிறார். அதில் வந்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை, பாவம்.

குரங்கு வைத்தி, எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயை, வறண்ட தோலுக்கு நல்லது என்று கடை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தோலை ஒண்ணும் பண்ணிடாதே?" என்று கேட்டாள் பவழம்.

"மரத்துல காய்ச்சது என்னம்மா பண்ணும்? நூறு சதவீதம் இயற்கை!"

எட்டிக்காயும் மரத்தில்தானே காய்க்கிறது என்று யாராவது கேட்க வேண்டாமோ! ஆனால் பவழமும் லேசுப்பட்டவள் இல்லை. முறைப்படி காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி, மூங்கில் புதர் நிழலில் நாள் முழுக்கப் படுத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷமாக முதுகெல்லாம் தெளித்துக்கொண்டு உச்சி வெயிலில் மேயப் போனாள். அந்த எண்ணெய்க்கு வெயில்தான் ஆகாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

சொட்டு விழுந்த இடமெல்லாம் கொப்புளம். கொப்புளம் அடங்கிய இடமெல்லாம் வெளுத்த புள்ளி.

"போச்சு, என் போஸ்டர் போச்சு!" என்று தேம்பிக்கொண்டே கரடி முன்னால் போய் நின்றாள்.

"அடடா, இதென்ன புது டிசைன்? அசையாதே!" என்றார் கரடி.

போஸ்டர் ஒட்டிய அன்றே வைத்தி கடையில் க்யூ. பவழத்துக்கு மனசு கேட்கவில்லை. "வேண்டாண்டி! தடவிட்டு வெயிலுக்குப் போகாதீங்க. எரியுது, படுக்கவே முடியலை!" என்று வரிசை நெடுகக் கெஞ்சினாள்.

"பார்த்தீங்களா, இவ மட்டும் புள்ளியோட இருக்கணுமாம்," என்றாள் ஒரு பெரிய மான். எல்லோரும் வாரா வாரம் தடவிக்கொண்டு வெயிலில் போய் விழுந்தார்கள்.

சில மாதத்தில் பவழத்தின் தோல் ஆறியது. எரிச்சலும் போயிற்று, புள்ளியும் போயிற்று. அப்பாடா என்று தண்ணீர் குடிக்கப் போனாள். மற்ற மான்கள் சட்டென்று விலகிக்கொண்டன.

"ஐயோ, என்னடி ஆச்சு உனக்கு? தொத்துமா?" என்றாள் அவளுடைய சிநேகிதி.

மறுநாள் வைத்தி கடை வரிசையில் பவழமும் நின்றாள். "ரெண்டு பாட்டில், அண்ணே."

"இந்தத் தடவை காதுல தடவிப் பார்க்கலையாம்மா?"

"எதுக்குண்ணே? எரியும்னுதான் தெரியுமே."

நீதி: ஒருத்திக்கு வந்தால் அலர்ஜி, ஊருக்கே வந்தால் அழகு. அதற்கப்புறம் குணமாகிறவள்தான் நோயாளி.