கொம்பியூட்டரில் நான் வராதவன்

பிள்ளையார் துணை

நீர்வேலி,
திங்கட்கிழமை.

அன்புள்ள பெறாமகள் தக்சாயினிக்கு, சித்தப்பா ஆழ்வாப்பிள்ளை ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் வாழைகளும் சுகம். கொழும்பில் நீயும் மருமகனும் பேரனும் சுகமாயிருக்க எங்கள் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன்.

நீ வேலை செய்கிற கந்தோர் ஆட்கள் எங்கள் ஆஸ்பத்திரியில் பூட்டிய கொம்பியூட்டரை ஏன் ஒருவரும் ஒழுங்காகப் பாவிப்பதில்லை, நோயாளி என்ற முறையில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். கேட்டது உன் பிழை, இனி வாசித்துத்தான் ஆகவேண்டும்.

முன்பெல்லாம் கிளினிக் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு வாங்கில் குந்தியிருந்தால் போதும், அடுக்கின ஒழுங்கில் கூப்பிடுவார்கள். இப்போது கொப்பியும் வைக்கவேண்டும், கொம்பியூட்டரிலும் பதியவேண்டும். பதிகிற லவீனா நல்ல பிள்ளை, ஆனால் அவள் ஒரு பெயரை அடித்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விடும், கரண்ட் வந்தால் இன்ரநெற் வராது, இரண்டும் வந்தால் உன் கடவுச்சொல் பழசாகிவிட்டது, புதிதாகப் போடு என்று மிசின் அவளோடு சண்டைக்கு நிற்கும். டொக்டரும் பாவம். முன்பு என் முகத்தைப் பார்த்து, "ஐயா, நித்திரை வருதோ?" என்று கேட்டவர், இப்போது அதே கேள்வியைத் திரையைப் பார்த்துக் கேட்கிறார். கடைசியில் எல்லோரும் அலுத்துப்போய்க் கொப்பியில் எழுதி மருந்தைத் தந்து அனுப்புவார்கள், பிறகு நேரம் கிடைக்கும்போது ஆறுதலாகக் கொம்பியூட்டரில் ஏற்றலாம் என்பார்கள். சாப்பிடவே நேரமில்லாத பிள்ளைக்கு ஆறுதல் எங்கிருந்து வரும்?

பலனை அனுபவிப்பது நான். கொப்பியில் நான் வந்தவன், கொம்பியூட்டரில் வராதவன். வராதவர்களுக்கு அது தானாகவே போனுக்குச் செய்தி அனுப்புமாம். பதியும்போது நம்பர் கேட்டார்கள், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொன்னேன். அது கனடாவில் இருக்கிற என் மகன் கஜானனுடையது. என் நம்பருக்கு நான் ஒருநாளும் போன் எடுத்ததில்லையே, எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்த இளையதம்பியரும் லண்டன் மகளின் நம்பரைத்தான் கொடுத்தார். எந்தக் கந்தோரில் கேட்டாலும் வெளிநாட்டுப் பிள்ளையின் நம்பரைக் கொடுத்துத்தானே எங்களுக்குப் பழக்கம்.

உனக்குத் தெரியும், உன் சித்தி கண்ணை மூடிய பிறகு கனடாவுக்கு வா என்று அவன் நின்றான், வாழைத்தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்று நான் நின்றேன். அன்றிலிருந்து அவனும் போன் எடுத்துக் கதைப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. அப்படியிருக்க ஒருநாள் போன் அடிக்கிறது.

"அப்பா, ஏன் கிளினிக்குக்குப் போகேல்லை?"

"போயிட்டு வந்திட்டன், தம்பி."

"வரேல்லை எண்டு ஆஸ்பத்திரியிலயிருந்து மெசேஜ் வந்திருக்கு. பொய் சொல்லாதேங்கோ."

"உன்ரை அம்மாவாணை போனனான்."

"அப்ப பிரஷர் எவ்வளவு எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னேன். காலையில் என்ன சாப்பிட்டனீங்கள் என்றான். புட்டும் கதலிப்பழமும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சீனி வருத்தக்காரன் சாப்பிடுகிற சாப்பாடா என்று நல்ல ஏச்சு. அதன்பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் இதே விசாரணைதான். பெற்ற பிள்ளை மிசினை நம்புகிறான், என்னை நம்புகிறான் இல்லை. எனக்கு மானக்கேடாக இருக்கிறது.

ஆகவே மகள், நீ உடனே ஒரு நல்ல பற்றறி பூட்டுவிக்கவேண்டும், லவீனாவுக்குத் துணையாக ஒரு ஆளைப் போடவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் கஜானனின் நம்பரை அழித்துவிட்டு என்னுடையதைப் போடு. பக்கத்து வீட்டுத் தர்சினியிடம் கேட்டுக் கடித உறையில் எழுதியிருக்கிறேன்.

மருமகனைக் கேட்டதாகச் சொல். பேரனைப் பிள்ளையார் நீண்ட ஆயுளோடு வைத்திருப்பார்.

இப்படிக்கு,
வந்தும் வராத உன் சித்தப்பா
ஆழ்வாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போய்வந்தேன். கரண்ட் போகவில்லை, இன்ரநெற்றும் வந்தது. "ஐயா, இண்டைக்கு நீங்கள் வந்ததெண்டு வடிவாப் பதிஞ்சிட்டன்," என்று லவீனா சிரித்தாள். வீட்டுக்கு வந்து போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன், வாழைக்குத் தண்ணீர் விடவும் போகவில்லை. பொழுதுபட்டுவிட்டது, போன் அடிக்கவேயில்லை. நீங்களே அவனுக்கு எடுக்கலாமே என்பாய். நான் எடுத்தால் அந்தப் பழைய கனடாக் கதைதான் வரும். அவனாக எடுத்தால்தான் என்ன சாப்பிட்டனீங்கள் என்று கேட்கிறான். மற்றவர்களுக்கு எல்லாவற்றையும் திருத்திக் கொடு, மகள். அவன் நம்பரில் கை வைக்காதே. என்னை வராதவன் என்றே விட்டுவிடு.