கார் ஓடாத தீவில் ஒரு தற்செயல்

பட்டுச்சேலை மட்டும் உடுத்து வந்துவிடாதீர்கள் என்று இராஜதுரை போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இத்தாலியின் பலெர்மோ துறைமுகத்தில் மனைவி, மகளோடு படகேறிப் பார்த்தால், மாப்பிள்ளையின் தாய் ஞானம்பிகை காஞ்சிபுரமும் கொண்டை நிறையப் பூவுமாக, மடியில் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன் மிதுசன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இராஜதுரை அவசரமாக மகளைத் திரும்பிப் பார்த்தார். தற்செயலாகச் சந்திப்பதாகத்தான் ஏற்பாடு. இது பெண் பார்க்கும் படலம் என்று மகள் ஆரணிக்குத் தெரியவே கூடாது. முன்பொருமுறை பல்லரோ சந்தையில், மீன் வாங்குகிற சாட்டில் ஒரு பொடியனைக் காட்டியிருந்தார். அவள் விசயத்தைப் பிடித்துவிட்டாள். "இன்னொருக்கா இப்பிடிச் செய்தா நான் மிலானோவுக்குப் போயிடுவன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் பறந்தாள். ஒரே பிள்ளை; சொன்னால் செய்கிறவள். அவள் அத்தனை தூரம் போய்விட்டால் வீடு வீடாக இருக்காது.

அதனால்தான் இந்தத் தீவு. அங்கே காரும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. பழைய கோட்டையும் குதிரைவண்டியும்தான். கோபம் வந்தாலும் பின்னேரப் படகு வரை எங்கே ஓடுவாள்? யோசனையைச் சொன்னதே மிதுசன்தானாம். பொடியன் கெட்டிக்காரன்.

இராஜதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பா, தமிழ் ஆக்கள் இருக்கினம். ஏன் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள் ஆரணி.

அவள் கேட்டதிலும் நியாயமிருந்தது. தமிழ் முகத்தைக் கண்டால் தெருவைக் கடந்து போய் ஊர் விசாரிக்கிற மனிதர் அவர். வேறு வழியில்லாமல் போனார்.

"வணக்கம். ஊரிலை எவடம்?"

"என்ன அண்ணை, நேற்றும் போனிலை கதைச்சனாங்களே!" என்றார் ஞானம்பிகை.

"அது கோயில் விசயமாய்" என்று மனைவி குகனேஸ்வரி பாய்ந்து வந்து காப்பாற்றினாள்.

"ஓம், ஓம், கோயில்தான்" என்ற ஞானம்பிகை, ஆரணியின் கன்னத்தைத் தடவினார். "பிள்ளை படத்தை விட வடிவு!"

"என்ன படம்?" என்றாள் ஆரணி.

"திருவிழாவிலை எடுத்தது" என்றார் இராஜதுரை.

"நான் திருவிழாவுக்கே வரேல்லையே அப்பா."

"வராத ஆக்களையும் எடுத்தவங்கள்."

சொன்ன பிறகுதான் அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆரணி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். அழுகிறாளோ என்று அவர் கலங்கிப் போனார்.

தீவில் இறங்கியதும் புதிய திட்டம் போட்டார். பெரியவர்கள் ஒரு வண்டியில், பிள்ளைகள் இன்னொன்றில். ஞானம்பிகையின் வாயிலிருந்தாவது தப்பலாம். ஆனால் துறையில் மிஞ்சி நின்றது ஒரே வண்டி. அதன் குதிரை நேரே ஆரணியிடம் வந்து அவள் கைப்பையை மோந்தது. அவள் ஒரு கரட்டை எடுத்துக் கொடுத்தாள். கரட் என்றாலே முகம் சுளிக்கிறவளின் பையில் கரட் எப்படி வந்தது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

ஐந்து பேரும் நெருக்கியடித்து ஏறினார்கள். தாய்மார் இருவரும் நடுவில், பிள்ளைகள் பின்னால், இராஜதுரை வண்டிக்காரக் கிழவரோடு முன்னால். ஆரணி கத்தப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"உங்கடை பேர் என்ன?" என்று பின்னால் அவள் குரல் கேட்டது.

"மிதுசன். உங்கடை?"

"ஆரணி."

என்ன அடக்கம், என்ன மரியாதை! இராஜதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. மிலானோ ஒழிந்தது. எல்லாம் தன் சாமர்த்தியம் என்ற பூரிப்பில் கிழவரின் காதருகே குனிந்து, தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கிசுகிசுத்தார்.

"மெதுவா ஓட்டுங்கோ. பிள்ளையள் இண்டைக்குத்தான் முதன்முதல் கதைக்கினம்."

கிழவர் கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்தினார். பின்னால் ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பி விழச் சிரித்தார்.

"முதன்முதலோ? சிஞ்ஞோரே, போன மாசம் அந்தச் சீட்டிலை வைச்சுத்தானே அவர் அவவுக்கு மோதிரம் போட்டவர். படம் எடுத்ததே நான்தான்!"