செம்பு வில்லை

சார்ஜ் ஐயாவைப் பார்க்கக் காலை ஏழு மணிக்கே வரிசை கட்டிவிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற மாடிக் கூடம். படிக்கட்டு நிறைந்து, நடைபாதை நிறைந்து, பேருந்து நிறுத்தம் வரை ஆட்கள். எல்லோர் கையிலும் லேப்டாப், காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கி வந்த மாதிரி. கணக்காளர், கல்லூரிப் பேராசிரியர், மென்பொருள் எழுதுகிறவர் இரண்டு பேர். அத்தனையும் படித்த கூட்டம்! படிக்காதவர்களிடம் லேப்டாப் இல்லை, தப்பித்தார்கள்.

ஐயா கொடுப்பது காசு அளவில் ஒரு செம்பு வில்லை. லேப்டாப்பின் அடியில் ஒட்டினால் போதும், வெட்டவெளி மின்சாரத்தை உறிஞ்சி, பேட்டரி நாலு மடங்கு நேரம் ஓடுமாம். அத்தாட்சியாக அவர் மேடையிலேயே ஒரு லேப்டாப், வயர் இல்லாமல், காலையிலிருந்து மாலை வரை அருவிப் படம் ஓட்டிக்கொண்டிருக்கும்.

என் அண்ணி வீட்டிலிருந்தே மருத்துவமனை அறிக்கைகள் தட்டச்சு செய்கிறவர். எங்கள் தெருவில் தினமும் பிற்பகலில் மின்சாரம் போனால், திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவருடைய லேப்டாப் ஒன்றரை மணி நேரத்தில் கண்ணை மூடிவிடும். "இன்னொரு தடவை அறிக்கை பாதியில் நின்றால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம்" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அண்ணி மூன்று நாள் விசாரித்து, சார்ஜரில் அறுபத்தைந்து வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து, அதற்கு ஈடுகொடுக்கிற பவர் பேங்க் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எழுதி அண்ணனிடம் கொடுத்து அனுப்பினார். அண்ணன் வில்லையோடு வந்தார்.

"என்னங்க இது?"

"அது ஒரு கிலோ கனம். இது கனமே இல்ல பாரு!"

"பலனும் இருக்காது போலிருக்கே."

"பார்த்தியா? ஐயா சொன்னாரு. சந்தேகப்பட்டா வில்லை வேலை செய்யாதாம்."

வில்லையோடு ஒரு நியமச் சீட்டும் இருந்தது. திரை வெளிச்சத்தைப் பாதியாக்கு. வைஃபையை அணை. தேவையில்லாததை மூடு. அப்படியே செய்தார்கள். இரண்டு மணி நேரம் ஓடியது! அண்ணன் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

மறுநாள் அண்ணி சத்தமில்லாமல் வில்லையைப் பிய்த்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, சீட்டில் உள்ளதை மட்டும் செய்தார். அதே இரண்டு மணி நேரம்.

"ஒட்டின இடத்துல சக்தி தங்கியிருக்கும்" என்றார் அண்ணன், அசராமல்.

அந்த இரண்டு மணி நேரமும் போதவில்லை. அன்றைய அறிக்கை கடைசிப் பக்கத்தில் நின்றது. அலுவலகத்தில் அழுது கெஞ்சி ஒரே ஒரு நாள் அவகாசம் வாங்கிய அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "வா, உங்க அண்ணனோட ஐயாவைப் பார்த்துட்டு வரலாம்."

மூவரும் போனோம். மேடையில் துணி போர்த்திய மேசை. அதன்மேல் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைக் கோட்டு, ருத்திராட்சம் சகிதம் ஐயா. விஞ்ஞானமும் வேண்டும், விபூதியும் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரே கடையில் இரண்டும்.

அண்ணி முறை வந்தது. "ஐயா, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

"மடிக்கணினி, தாயே."

"அப்போ கொஞ்சம் மடியில வச்சுக் காட்டுங்களேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. "பீடத்தை விட்டு எடுத்தா சக்தி கலைஞ்சிடும்."

"எங்க வீட்டுல பீடம் இல்லையே. அங்க மட்டும் எப்படிக் கலையாம இருக்கும்?"

"சந்தேகம் பிடிச்ச மனசு..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அண்ணி லேப்டாப்பைத் தூக்கிவிட்டார். பின்னாலேயே ஒரு கறுப்பு வயரும் எழுந்து வந்தது. வயரோடு துணியும் சரிந்தது. மேசைக்கு அடியில் அகராதி கனத்தில் இரண்டு பவர் பேங்க், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு.

அண்ணி குனிந்து படித்தார். "அறுபத்தஞ்சு வாட். நான் எழுதிக் கொடுத்த அதே சாமான்! பரவாயில்லை, ஐயா நல்லாத்தான் விசாரிச்சு வாங்கியிருக்காரு." பிறகு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அடியில் வழவழவென்று இருந்தது. வில்லையே இல்லை! தன் சரக்கின்மேல் ஐயாவுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

"ஒருவேளை வில்லையோட சக்திதான் அந்தப் பெட்டிக்குள்ள போயிருக்குமோ?" என்றார் பேராசிரியர். அவரை யாரும் கவனிக்கவில்லை. வரிசை கலைந்து மேடையை வளைத்துக்கொண்டது. ஐயா கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்படிக்கட்டு வழியாக ஓடினார். சார்ஜ் குறையாத ஓட்டம்.

அண்ணன் காதுவரை சிவந்து நின்றார். "வா, கடைக்குப் போலாம்" என்று அவரே சொன்னார். அன்று பிற்பகலும் மின்சாரம் போனது. அறிக்கை கடைசி வரி வரை போய்ச் சேர்ந்தது. வேலை நிலைத்தது.

கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நின்ற கணக்காளர் எங்கள் பின்னாலேயே வந்திருந்தார். அண்ணியிடம் கைகூப்பினார். "அம்மா, உங்ககிட்டதான் உண்மையான சக்தி இருக்கு. எனக்கும் ஏதாவது மந்திரம் சொல்லுங்க."

"சொல்றேன். 'எங்கே, எடுத்துக் காட்டு.' இவ்வளவுதான்."

அவர் பரபரவென்று பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லணும்மா?"

"யாராவது கண்ணை மூடிட்டு நம்புன்னு சொல்றாங்கல்ல," என்றார் அண்ணி, "அப்பல்லாம் சொல்லுங்க. கண்ணைத் திறந்துகிட்டு!"