தொண்ணூற்றாறாயிரத்தில் பதிவான அத்தை

தெரியாத விஷயத்தில் எனக்கு ஒருநாளும் மானம் போனதில்லை. நன்றாகத் தெரிந்த விஷயத்தில்தான் போயிருக்கிறது.

கல்யாணமான புதிதில் எனக்கு உயர்தர ஒலிப்பதிவுப் பைத்தியம் பிடித்திருந்தது. விநாடிக்குத் தொண்ணூற்றாறாயிரம் முறை ஒலியை அளந்து எழுதும் ரெக்கார்டர் ஒன்று வைத்திருந்தேன். (பதிவு செய்தது பெரும்பாலும் மிக்ஸி சத்தம்.) மாமியாரான அத்தைக்கு என்மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. "அந்தப் பிள்ள எந்நேரமும் காதுல எதையாவது மாட்டிக்கிட்டு அலையுது" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்.

நாத்தனார் செல்விக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். அவர்கள் ஊரான இடைசெவலில் சொந்தக்காரர்கள் யாருக்கு வளைகாப்பு என்றாலும் அத்தைதான் பாட்டு. சொந்த மகளுக்குப் பாட ஒரு மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தவருக்கு, இரண்டு நாள் முன்னால் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

அதற்குப் பத்து நாள் முன்பு உளுந்து புடைத்துக்கொண்டே அவர் பாடியதை நான் பதிவு செய்து வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் முதல்முறையாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதாம்மா எம் மானத்தக் காப்பாத்தணும்" என்று காற்றும் சைகையுமாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கோவில்பட்டி மண்டபத்தில் மைக் செட்காரர் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார்.

"தங்கச்சி, இது நாப்பத்தெட்டாயிரத்துக்கு மேல எடுக்காது. மாத்திக் குடுங்க. ஒரு தடவ போட்டுக் கேட்டுருவமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

மாற்றுவது என்றால், மென்பொருள் பாட்டு முழுவதையும் புதிதாகக் கணக்கிட்டுப் பாதி அளவுகளில் திரும்ப எழுத வேண்டும். அதற்குத் தனிக் கட்டளை உண்டு. நான் அவசரத்தில், 96000 என்றிருந்த கட்டத்தில் 48000 என்று தட்டிச் சேமித்துவிட்டேன். பதிவு அப்படியே இருக்க, அதைப் பாதி வேகத்தில் படிக்கச் சொல்லிவிட்டேன். மூன்று நிமிடப் பாட்டு ஆறு நிமிடம் காட்டியது. (தரம் கூடினால் நீளமும் கூடும்போல என்று நினைத்த அறிவாளி நான்.)

செல்வி மணையில் உட்கார்ந்தாள். அத்தை முதல் வளையலை எடுத்தார். நான் மைக் செட்காரருக்குத் தலையசைத்தேன்.

பாறாங்கல்லை உருட்டுவதுபோல ஓர் ஆண்குரல் கிளம்பியது. "ம...க...ளே... கை...ய... நீ...ட்டு..." பின்னணியில் உளுந்து புடைத்த சுளகுச் சத்தம் இடியாக விழுந்தது.

"ஏலே, வளைகாப்புக்கு ஆம்பளையப் பாட விட்டது யாரு?" என்றார் பின்வரிசைப் பெரியவர் ஒருவர்.

செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறார், அடுத்த பஸ்ஸில் நான் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நிச்சயமாக நம்பினேன். ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். பார்த்தால் கண்ணில் நீர் வழியச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"ஓடட்டும்மா. கட்டுன தொண்டைக்கு இதான் பொருத்தமான குரலு" என்று காற்றாகச் சொன்னார்.

மண்டபத்துப் பெண்கள் எல்லாரும் அதே வேகத்தில் கூடவே இழுத்து இழுத்துப் பாடினார்கள். அவ்வளவு சிரிப்போடு நடந்த வளைகாப்பை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

செல்வியின் மகனுக்கு இப்போது நான்கு வயது. அந்தப் பதிவைப் போட்டால்தான் தூங்குகிறான். அத்தை நேரில் பாடினால், "நீ வேண்டாம் ஆச்சி, அந்தத் தாத்தாவப் பாடச் சொல்லு" என்கிறான். அத்தை என்னை ஒரு முறை முறைக்கிறார். பிறகு தொண்டையைச் செருமி, குரலை அடிவயிற்றுக்கு இறக்கி, பாதி வேகத்தில் ஆரம்பிக்கிறார்.