பீடிச் சட்டை

பட்டுப்புடவைக்கு ரயிலு அண்ணன் கொடுத்த மரியாதையை ஆரணியில் எந்த மாமனாரும் புது மாப்பிள்ளைக்குக்கூடக் கொடுத்ததில்லை.

நான் விற்பனையாளாக இருந்த பட்டுக்கடையில் அவர் புடவை மடிப்பவர். ஓயாமல் பீடி பிடிப்பார், அதனால்தான் ரயிலு. ஆனால் கடைக்குள் பற்றவைத்ததே கிடையாது. பட்டில் நாற்றம் ஏறினால் கல்யாணப் பெண் மூக்கைப் பிடித்துக்கொள்வாளாம். மணிக்கொரு முறை பின்தெருவிலிருந்த தன் வீட்டுக்கு ஓடுவார். கடைச் சட்டையை வாசலில் கழற்றி மாட்டிவிட்டு, அதற்கென்றே வைத்திருந்த பீடிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சமையற்கட்டில் உட்கார்ந்து இரண்டு இழுப்பார். பிறகு வாய் கொப்பளித்து, கிராம்பு மென்று, மாப்பிள்ளை மாதிரி திரும்புவார்.

ஒருமுறை வந்தவாசியிலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க வந்த பெரியவர் கடைக்குள்ளேயே சிகரெட் பற்றவைத்தார்.

"யோவ், அணைய்யா ஜல்தி! பட்டு இன்னா உன் வூட்டு கரித்துணியா?" என்று பாய்ந்தார் அண்ணன்.

மொத்த ஜவுளியும் எதிர்க்கடைக்குப் போயிற்று. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அண்ணன் புடவைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

அந்தப் பீடிச் சட்டையைத் தினமும் துவைத்தவர் அவர் மனைவி சரோஜா அக்கா. "அடுப்பே பத்த வெக்கல தம்பி, வூடு பூரா பொகை. உங்கண்ணன் வந்து கீறாருன்னு அர்த்தம்" என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். நாங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் வேலூருக்கு அழைத்துப் போனோம். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "எத்தனை வருஷமா பீடி பிடிக்கிறீங்கம்மா?" என்றார்.

"நானா? தொட்டதே இல்லீங்களே!"

"அப்ப வீட்ல யாரு?"

அண்ணன் பள்ளிக்கூடப் பையனைப் போல எழுந்து நின்றார்.

"பக்கத்துல இருக்கறவங்களும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறாங்க. நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போச்சு. இனிமே பழையபடி ஆகாது. உங்க நெஞ்சையும் பார்க்கணும், ஐயா."

வெளியே வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொடவைல ஏறும்னு தெரிஞ்சிதே தம்பி. இவ நெஞ்சுல ஏறும்னு தெரியலியே."

அன்றே நிறுத்தினார். எங்கள் எல்லாரிடமும் எரிந்து விழுந்தார். மென்ற கிராம்பில் கடையே பிரியாணிக் கடையாக மணத்தது. அக்கா அடுத்த ஆடி வரைதான் இருந்தார்.

காரியம் முடிந்த மறுநாள், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவரைக் காணப் பொறுக்காமல், நானே ஒரு கட்டு பீடி வாங்கிப்போய் நீட்டினேன். பைத்தியக்காரத்தனம்தான்.

வாங்கிப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார்.

"உன்ன பக்கத்துல வெச்சிகினா? வேணாம் தம்பி."