மயிலுக்குச் செதில் ஒட்டியவன்

நான் ஒரு மடையன். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது. சாதாரண மடையனால் அவனுக்கு மட்டும்தான் கஷ்டம். நான் கைவேலை தெரிந்த மடையன். கையில் கத்தரிக்கோலும் ஒரு கிண்ணம் பசையும் கிடைத்தால் என்னால் இரண்டு குடும்பங்களைச் சேர்த்துக் கவிழ்க்க முடியும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பழைய பேப்பரில் செய்த ஒரு மயிலை வைத்து என் சொந்த அக்காவின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. (வேண்டுமென்று செய்திருந்தால் அவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.)

அப்போது எங்கள் வீடு நெல்லித்தோப்பில். அப்பாவுக்கு மில்லில் வேலை. மில் ஓடுகிற மாதம் சம்பளம் வரும், ஓடாத மாதம் பெருமூச்சு வரும். நான் டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடல் பெரும்பாலும் டிவி முன்னால் நடந்தது. மத்தியான வேளையில் ஒரு சேனலில் ஓர் அம்மா வருவார். பிஸ்தாத் தோல், ஐஸ் குச்சி, சோடா மூடி, பழைய கல்யாணப் பத்திரிகை என்று நாம் தூக்கிப் போடுகிற எல்லாவற்றையும் காகிதத்தோடு சேர்த்து ஒட்டி, பொம்மையோ பூச்சாடியோ செய்து காட்டுவார். “செலவே இல்லாம உங்க வீட்லயே செய்யலாம்” என்று முடிப்பார். எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்தே சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

நானும் செய்தேன். காலண்டர் தாளில் பூச்சாடி செய்தேன். முட்டை அட்டையில் ஆமை செய்தேன். (வந்தவர்கள் அதைத் தவளை என்றார்கள். ஒருவர் என் அப்பா என்றார்.) அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிப் புலம்பியது என் காதில் விழுந்தது: “குப்பய வெளிய கொட்டவே பயமா கீது. கலர் அடிச்சிகிட்டுத் திரும்ப உள்ள வந்துடுது.”

அந்தச் சமயத்தில்தான் சுமதி அக்காவுக்கு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை சேகர். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம், டவுனில் ஒரு கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று முழுக்க அவர் பேசியது ஒரே வார்த்தை: “சரி.” அக்காவுக்கு அந்தச் ‘சரி’ ரொம்பவே பிடித்துப்போனது. அதற்கு முன் வந்த வரன்களெல்லாம் நிறைய பேசிவிட்டுப் போனவர்கள், திரும்பி வராதவர்கள். காய் நறுக்கும்போதுகூட அவள் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்ததை அந்த வாரம்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஒரே ஒரு சிக்கல், மாப்பிள்ளையின் அத்தை ருக்குமணி. அந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் அவர் வாயால் வந்தால்தான் நடக்கும். மற்ற நாளில் மீனும் கறியும் சாப்பிடுகிற குடும்பம்தான். ஆனால் நல்ல காரியம் என்றால் கவிச்சி வாசனை அந்தத் தெருவிலேயே இருக்கக் கூடாது. முன்பு ஒரு சம்பந்தத்தை, பெண் வீட்டு வாசலில் முட்டை ஓடு கிடந்தது என்பதற்காகவே உதறிவிட்டு, போட்ட காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தவராம். “அந்த அம்மா மூக்கு சும்மா இல்ல. பாத்து நடந்துக்குங்க” என்று தரகர் எச்சரித்திருந்தார்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டிலேயே, வெள்ளிக்கிழமை காலை. தட்டு மாற்றும்போது தட்டுகளை அலங்காரமாக வைப்பது அப்போதுதான் மோஸ்தராகியிருந்தது. துண்டை அன்னப்பறவையாக மடிப்பார்கள், பழத்துக்குப் பாவாடை கட்டுவார்கள். அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு அப்பா எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன்.

“நான் எதுக்கு இருக்கேன்? தட்டுக்கு நடுவுல ஒரு மயிலு வைக்கறேன். மாப்ள வூட்டுக்காரங்க அப்படியே அசந்துடணும்.”

“அசந்துட்டா யாருடா எழுப்பறது?” என்றாள் அக்கா.

“பைசா செலவில்ல” என்றேன். அப்பா முகம் மலர்ந்தது. முடிவாகிவிட்டது.

மயில் நன்றாகத்தான் வந்தது, சத்தியமாக. பழைய பேப்பரை ஊறவைத்து, இடித்து, மைதாப் பசை சேர்த்து உடம்பு. கழுத்துக்குக் கம்பி. கொண்டைக்கு ஊதுவத்திக் குச்சி. தோகை முழுக்கச் சொந்தக்காரர்களின் பழைய கல்யாணப் பத்திரிகைகள். (ஓர் இறகில் ‘தங்கள் வருகையை எதிர்நோக்கும்’ என்று தலைகீழாகத் தெரியும். பக்கத்து இறகில் பாதி பிள்ளையார்.) உடைந்த வளையல் துண்டுகளைக் கழுத்தைச் சுற்றி ஒட்டினேன். எல்லாம் இருந்தும் மினுமினுப்பு மட்டும் இல்லை. அதற்குச் சமிக்கி வேண்டும். அவ்வளவு பெரிய தோகைக்குச் சமிக்கி வாங்கினால் என் ‘பைசா செலவில்ல’ என்னாவது?

அந்த யோசனையோடு தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனேன். அங்கே ஓர் அக்கா பெரிய கொடுவா மீனைச் சுரண்டிக்கொண்டிருந்தார். செதில்கள் நாலா பக்கமும் தெறித்தன. வெயில் பட்டு ஒவ்வொன்றும் மின்னியது. கடவுள் எனக்காகவே கடலுக்குள் சமிக்கி ஆலை வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

“அக்கா, அந்தச் செதிலக் குடுப்பீங்களா?”

“மீனு வேணாமா?”

“செதிலு மட்டும் போதும். டிசைனுக்கு.”

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு கேரி பேக் நிறைய அள்ளிப் போட்டு, மிகவும் மெதுவான குரலில் கேட்டார்: “நீ இங்க வந்தது வூட்ல இருக்கறவங்களுக்குத் தெரியுமாப்பா?”

அதை நான் அக்கறை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

செதிலைச் சோப்புத்தூளில் அலசினேன், சீயக்காயில் அலசினேன், எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சொட்டு நீலத்தில் பாதி, கேசரிப் பவுடரில் பாதி என்று ஊறவைத்து, காக்காய்களோடு சண்டை போட்டு மொட்டை மாடியில் காயவைத்தேன். காய்ந்த பிறகு முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. கண்ணாடிச் சில்லு மாதிரி கலகலவென்று இருந்தது. ஒவ்வொன்றாகத் தோகையில் ஒட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்ததும் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னா சமிக்கிடா இது, இப்பிடி ஜொலிக்குது?”

“பாம்பே சமிக்கிம்மா. பிரெண்டு குடுத்தான்.”

பெரிய பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. கடல் பம்பாய்க்கும் போகிறதுதானே.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது காற்றில் ஈரம் சொட்டியது. தோகைப் பக்கம் குனிந்தால் லேசாக, மிக லேசாக ஒரு வாசம். பயந்துபோய்ப் பன்னீர்ச் செம்பை எடுத்து மயிலின் மேல் நன்றாகத் தெளித்தேன். காய்ந்த கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் என்ன ஆகும் என்பது சமையல் தெரிந்த எவருக்கும் தெரியும். நான் டிப்ளமா படித்தவன், எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மயிலைச் சுற்றி நின்று பாராட்டினார்கள். “யாரு செஞ்சது?” “எங்க பாபு!” என்றாள் அம்மா. நான் தரையைப் பார்த்து வெட்கப்பட்டேன். வீடியோக்காரர் மயிலைத் தனியாக எடுக்க ஆசைப்பட்டு, பெரிய போகஸ் லைட்டை அதன் பக்கத்தில் நிறுத்தி எரியவிட்டார். ஏற்கெனவே ஊறியிருந்தது, இப்போது அடுப்பும் வைத்தாயிற்று.

முதலில் வந்தது எதிர்வீட்டுப் பூனை. அது பிரெஞ்சு சர்க்காரிடம் பென்ஷன் வாங்கும் ஒரு தாத்தா வளர்த்தது, பெயர் மினூ. அவர் “வியான், மினூ, வியான்” என்று பிரெஞ்சில் கெஞ்சினாலும் வராது, வேலைக்காரம்மா தமிழில் திட்டினாலும் வராது. அப்படிப்பட்ட பூனை யாரும் கூப்பிடாமலே வந்து, மயிலின் எதிரே முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துப் பக்தியோடு உட்கார்ந்தது.

“பாரு, பூனகூட ரசிக்குது” என்றார் அப்பா பெருமையாக.

ருக்குமணி அத்தையின் மூக்கு மெதுவாக மேலே போனது. இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது. ஐயர் தட்டை எடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை கையைத் தூக்கினார்.

“இருங்க. கவிச்சி நாத்தம் வருது.”

அறைக்குள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த அக்காவின் வளையல் சத்தம் நின்றது.

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க” என்றாள் அம்மா. “இன்னிக்கு வெள்ளிக்கெழம...”

“வெள்ளிக்கெழமதான்னு எனக்கும் தெரியும். பொண்ணு வூட்ல நிச்சயத்தன்னிக்கு மீன் ஆக்கியிருக்கீங்க. அதுவும் கருவாடு.” அத்தை விறுவிறுவென்று சமையலறைக்கே போய்விட்டார்.

சமையல்காரருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. “பாத்துக்கம்மா! சாம்பாரு. பாத்துக்க! பாயசம். வேணும்னா பாயசத்துல கைய வுட்டுத் தேடு!” என்று ஒவ்வொரு மூடியாகத் திறந்து தரையில் அடித்தார். அத்தை திரும்பி வந்தார். முகம் இன்னும் இறுகியிருந்தது. “அங்க இல்ல. அப்ப எங்கியோ ஒளிச்சி வச்சிருக்கீங்க. தட்டத் தொடாதீங்க யாரும்.”

கதவிடுக்கில் அக்காவின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது நேராக என்னைப் பார்த்தது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பன்னீர்ச் செம்பை எடுத்து, எல்லாருக்கும் தெளிப்பது போல நடித்து, மயிலுக்கு இன்னும் இரண்டு போடு போட்டேன்.

நாற்றம் எழுந்து நின்றது. பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்தினார். அத்தை மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

“சேகரு, நீ சொல்றா. உனக்கு வருதா இல்லியா?”

மாப்பிள்ளை மயிலுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டு மானம் முழுவதும் அந்த மனிதரின் வாயில் தொங்கியது. அவர் நிதானமாகச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“ஒண்ணும் வரலியே அத்த. நல்லாத்தான கீது.”

அவர் வீட்டாரே அவரை வெறித்துப் பார்த்தார்கள். “இப்பவே பொண்ணு வூட்டுப் பக்கம் பேசறான் பாரு!” என்றார் அத்தை. ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. கதவிடுக்கில் அக்காவின் கண் நனைந்திருந்தது.

சரியாக அந்த நிமிஷம் மினூ பொறுமையிழந்தது. ஒரே பாய்ச்சலில் மயிலின் மேல் விழுந்து, தோகையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு, ஆப்பிள்களையும் வெற்றிலையையும் சிதறடித்து, அத்தையின் மடிவழியாக வாசலுக்கு ஓடியது. அத்தையின் மடியில் நீலமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்து விரலால் தேய்த்தார். நீலம் விரலுக்கு வந்தது. பளபளவென்று வெள்ளை மட்டும் மிஞ்சியது.

“செதிலு!”

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. “எங்க பாபு!” என்று கொஞ்ச நேரம் முன்னால் சொன்ன அம்மா, என்னை முன்பின் பார்த்ததில்லை என்பது போல நின்றாள்.

“சமிக்கி... வெல ஜாஸ்தியா இருந்துச்சி...” என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார், செதிலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். “அப்ப யாரும் மீன் ஆக்கல?”

“இல்லீங்க.”

“யாரும் துன்னல?”

“சத்தியமா இல்லீங்க. ஒட்ட மட்டும்தான்...”

அத்தை நீளமாக மூச்சு விட்டார். அது கோபமா சிரிப்பா என்று முடிவு செய்ய முடியாமல் கூடமே காத்திருந்தது. முதலில் அவர் தோள் குலுங்கியது, அப்புறம் தங்கச் சங்கிலி, அப்புறம் அவர் முழுவதும். “குடும்பத்து மேல குத்தமில்ல. பையன்தான் லூசு. லூசுக்குத் தோஷமில்ல. அந்தக் கருமத்த வெளிய எடுத்துப் போடுங்க, மஞ்சத்தண்ணி தெளிங்க, தட்ட மாத்துங்க. நல்ல நேரம் போவுது!”

லூசு என்று பட்டம் கிடைத்ததில் ஒருவன் அவ்வளவு நிம்மதி அடைந்தது உலகத்திலேயே அதுதான் முதல்முறையாக இருக்கும். மயிலின் சடலத்தைத் தூக்கிக்கொண்டு நான் ஓட, தெருவில் இருந்த மற்ற பூனைகள் பின்னாலேயே வந்தன. அக்காவுக்குத் தட்டு மாற்றியதை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். குளிக்காமல் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. பரவாயில்லை, மாறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கால் அப்போதுதான் தரையில் பட்டது. சமையல்காரர் ஜன்னல் வழியாகவே எனக்குப் பாயசம் நீட்டினார். அவ்வளவு ருசியான பாயசத்தை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

இன்றைக்கும் எங்கள் வீடுகளில் யாராவது மீன் கழுவினால், “பாபு மயில் செய்றான் போல” என்பார்கள். அக்கா பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வேலைக்குச் சமிக்கி வாங்கினால், கடையிலேயே முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை. சேகர் மாமாவின் பெருந்தன்மைதான் எனக்குப் பெரிது. அக்கா இன்றுவரை எல்லாரிடமும் சொல்லுவாள்: “தாலி கட்றதுக்கு முன்னாலயே, அவ்ளோ நாத்தத்துலயும் எங்க குடும்பத்த வுட்டுக்குடுக்காம பேசுனாரு. அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி எனக்கு, இவரு எப்படிப்பட்டவருன்னு.” சண்டை வரும் நாட்களில்கூட அந்த ஒரு பேச்சுக்காக அவருக்குச் சோறு கிடைத்துவிடும்.

போன மாதம் கடற்கரைச் சாலையில் அவரோடு நடந்துகொண்டிருந்தேன். அக்கா கொஞ்சம் பின்னால், பிள்ளைகளோடு. இத்தனை வருஷம் கழித்து நன்றி சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“மாமா, அன்னிக்கு மயிலுக்குப் பக்கத்துலயே உக்காந்துகிட்டு, அவ்ளோ நாத்தத்தயும் பொறுத்துகிட்டு, எங்க மானத்தக் காப்பாத்துனீங்களே. எப்படி மாமா முடிஞ்சிது உங்களால?”

அவர் திரும்பி, அக்கா எவ்வளவு தூரத்தில் வருகிறாள் என்று பார்த்துக்கொண்டார்.

“எனக்கு அன்னிக்கு மூக்கடைப்புடா.”